கல் பாதைக்கு ஒரு சின்னக் கார்

கோலோ லெதா,
ஜனவரி, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த வாரம்.

அன்பும் மரியாதையும் நிறைந்த இனாங் அவர்களுக்கு,

உங்கள் மூத்த மருமகள் யுஸ்தினா வணங்கி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். கலிமந்தானில் நீங்களும் தம்பி டோனாத்துஸும் சின்ன மருமகள் மெல்டாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். செம்பனைத் தோட்டத்தில் கொசு அதிகம் என்று டோனாத்துஸ் சொன்னான். வலையைக் கட்டாமல் படுக்காதீர்கள். முழங்கால் வலிக்கு நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறீர்களா, அல்லது வாசனை பிடிக்கவில்லை என்று பெட்டிக்குள் வைத்துவிட்டீர்களா?

மெல்டா, நீ 'அம்மா' என்று கூப்பிடுகிற என் இனாங்குக்கு நீதான் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுவாய். இடது காதுப் பக்கமாக உட்கார்ந்து மெதுவாகப் படி. நடுவில் என்னைப் பற்றி உனக்கே என்ன தோன்றினாலும் நிறுத்தாதே. கடைசி வரை படித்துவிடு.

இங்கே மழை விடவில்லை. காப்பி இந்த வருஷம் சுமார்தான். மேலண்டைச் சரிவில் இருக்கிற செடிகள் மட்டும் நன்றாகப் பிடித்திருக்கின்றன. உங்கள் பிள்ளை வென்ஸின் கல்லறைக்கு நவம்பரில் வெள்ளையடித்தோம். மழையில் ஒரு பக்கம் பாசி ஏறிவிட்டது. வெயில் வந்ததும் தேய்த்துக் கழுவுகிறேன்.

இனாங், நான் ஒரு கார் வாங்கியிருக்கிறேன்.

போனிலேயே சொல்ல நினைத்தேன். உங்களுக்கும் எனக்கும் போனில் "சாப்டியா, மழை பெய்யுதா" என்பதைத் தாண்டி எதுவும் போவதில்லை. ஸ்தானிஸ் சித்தப்பா உங்களுக்குப் போன் போட்டு வேறு மாதிரி சொல்வதற்கு முன், நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிட வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன்.

போன மழைக்காலத்தில் ரொவினாவுக்கு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வலி வந்தபோது ஆம்புலன்ஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நம் பலகைப் பாலம் அந்த எடையைத் தாங்காது என்று டிரைவர் இறங்கவே இல்லை. நாலு ஆண்கள் அவளை மூங்கில் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாதி வழியில், ஆற்றங்கரைச் சேற்றில், பிளாஸ்டிக் விரிப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பிரசவம் பார்த்தேன். பிள்ளை பிறந்து கொஞ்ச நேரம் அழவில்லை. அப்புறம் அழுதது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஈரத் துணியோடு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தபோதே முடிவு செய்துவிட்டேன். பைக்கில் நான் போய்ச் சேரலாம். நிறைமாதக்காரியைப் பைக்கில் எப்படிக் கொண்டுபோவது?

ஊரே யோசனை சொன்னது. ஜீப் வாங்கு என்றார்கள், பின்பக்கம் திறந்த பிக்கப் வாங்கு என்றார்கள். கல் பாதைக்குப் பெரிய வண்டிதான் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. பாலத்தை யாரும் யோசிக்கவில்லை. கோயில் மதிலுக்கும் ஸ்தானிஸ் சித்தப்பாவின் காப்பி வேலிக்கும் நடுவில் இருக்கிற இடுக்கையும் யோசிக்கவில்லை. நான் ஒரு கயிற்றால் பாலத்தையும் அந்த இடுக்கையும் அளந்து, கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன். எனக்கு வேண்டியது எடை குறைந்த சின்னக் கார். ஆனால் வயிறு தரையைத் தொடாத சின்னக் கார். கார் ஓட்ட சிஸ்டர் எமெரன்சியானா கன்னியர் மடத்து வண்டியில் கற்றுக்கொடுத்திருந்தார். சிஸ்டர் கியர் மாற்றும்போதெல்லாம் ஒரு புனிதரைக் கூப்பிடுவார். அந்தப் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

ரூத்தெங்கில் பழைய கார் விற்கிற கோ ஹெங்கியிடம் போனேன். முதலில் ஒரு சிவப்புக் காரைக் காட்டினார். கல்யாணப் பெண் மாதிரி மின்னியது. நான் தரையில் மண்டியிட்டு, அதன் அடியில் கையை விட்டு, சாண் போட்டுப் பார்த்தேன். ஒரு சாண்கூட முழுதாக இல்லை. பிறகு இன்னொரு காருக்கு அடியில் தலையை விட்டேன். கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். "நர்ஸம்மா, கார் பாக்குறீங்களா, பிரசவம் பாக்குறீங்களா" என்று ஹெங்கி கேட்டார். "ரெண்டும் ஒண்ணுதான். கீழ இடம் இல்லேன்னா சிக்கிக்கும்" என்றேன்.

அந்த இரண்டாவது வண்டிக்கு மூக்கு நீளம். கடை வாசலிலேயே ஒரு சாக்கடைப் பள்ளத்தில் இறக்கி ஏற்றிப் பார்த்தேன். ஏறும்போது மூக்கு இடித்தது. "மூக்கு நீளமா இருந்தாத்தாங்க அழகு" என்றார் ஹெங்கி. "கல்லுக்கு அழகு தெரியாதே" என்று பதில் சொன்னது போனி வாத்தியார்.

ஆமாம் இனாங், போனி வாத்தியாரும் கூட வந்திருந்தார். இந்த வரியை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருக்கிறேன். நீங்கள் கலிமந்தானுக்குப் போன பிறகுதான் அவர் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பஜாவாக்காரர். குருமடத்தில் சேர்ந்து, குருப்பட்டம் வாங்குவதற்கு முன்னால் வெளியே வந்துவிட்டவர். கோயிலில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார். வண்டி வாங்கப் போகிற இடத்துக்கு ஒரு பெண் தனியாகப் போனால் ஏமாற்றுவார்கள் என்று சிஸ்டர்தான் அவரைத் துணைக்கு அனுப்பினார். ஆனால் அவருக்குக் கார் பற்றி ஒன்றும் தெரியாது. எஞ்சின் மூடியைத் திறந்தால் நற்கருணைப் பேழையைப் பார்ப்பது போல் கையைக் கட்டிக்கொண்டு பயபக்தியோடு பார்த்தார், அவ்வளவுதான். வளைவுகளில் வாந்தி வேறு எடுத்தார்.

மூன்றாவதாகப் பார்த்தது கடையின் பின்பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. சாம்பலும் பச்சையும் கலந்த மங்கல் நிறம். தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருந்தது. குட்டை மூக்கு, உயர்ந்த இடுப்பு. சக்கரங்கள் நாலும் நாலு மூலையில் தள்ளி இருந்ததால் எந்தக் கல்லும் முதலில் சக்கரத்தைத்தான் சந்திக்கும், வண்டியின் உடம்பை அல்ல. டயரின் பக்கச் சுவர் தடிமன். கையால் மாற்றுகிற கியர். எஞ்சினுக்கு அடியில் முந்தைய சொந்தக்காரர் இரும்புத் தகடு அடித்து வைத்திருந்தார். என் கயிற்றைப் போட்டுப் பார்த்தேன். முடிச்சுக்குள் அடங்கியது. ஊர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். சிஸ்டர் பேரைச் சொன்னதால் ஹெங்கி சாவியைக் கொடுத்தார்.

இனி எழுத வேண்டியதை எப்படி எழுதுவது என்று தெரியாமல், எழுந்து போய்ப் பன்றிக்குத் தீனி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வண்டியின் பின் சீட்டை மடக்கினால் ஒருத்தி கால் மடக்கிப் படுக்கலாம். ஆனால் கல் பாதையில் படுத்து வந்தால் உடம்பு என்ன பாடுபடும் என்று பார்க்க வேண்டுமே. ஓட்டுகிறவள் நான். ஆகையால் வாத்தியார் படுத்தார். என் போர்வையைச் சுருட்டி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு நிறைமாதக்காரி மாதிரி படுத்தார். கல் பாதை தொடங்கியது. ஒவ்வொரு கல்லுக்கும் "ஐயோ, புள்ள இங்கேயே வந்துடும் போலிருக்கே, மெதுவா ஓட்டுங்கம்மா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "மூச்சை இழுத்து விடு, இப்ப முக்காத" என்று நானும் அதட்டினேன். "பேரு என்ன வெக்கலாம் நர்ஸம்மா" என்றார். "மொதல்ல அப்பன் யாருன்னு சொல்லு" என்றேன்.

இப்படிப் பேசியது நான்தான் இனாங். உங்கள் மருமகள்தான்.

சிரித்தேன். ஸ்டியரிங்கில் நெற்றி இடிக்கிற மாதிரி சிரித்தேன். ஆற்றைத் தாண்டினோம். வண்டி எங்கேயும் இடிக்கவில்லை. முதல் கியரில் செங்குத்து ஏற்றத்தைப் பெருமூச்சுகூட விடாமல் ஏறியது. மூங்கில் தோப்பு தாண்டி, தண்ணீர்த் தொட்டி வந்த பிறகுதான் உறைத்தது. பெரிய கல் வளைவைக் கடந்து வந்துவிட்டேன்.

வென்ஸ் பைக்கோடு விழுந்த இடத்தில் நீங்களும் நானும் நட்ட சிலுவை அங்கே இருக்கிறது. இந்த மூன்று வருஷத்தில் அதை நான் சும்மா கடந்ததில்லை. வலி எடுத்து ஒருத்தி கத்திக்கொண்டிருக்கிறாள் என்று ஆள் வந்து கூப்பிட்டுப் போகும்போதுகூட, அங்கே வேகத்தைக் குறைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டுதான் போவேன். அன்றைக்கு என் கை ஸ்டியரிங்கை விட்டு எழும்பவே இல்லை. நான் அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை. ஓர் ஆணோடு சிரித்துக்கொண்டே என் புருஷன் செத்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

வண்டியை நிறுத்தினேன். திருப்ப இடமில்லாத பாதை, உங்களுக்குத் தெரியும். ரிவர்ஸிலேயே வந்தேன். வாத்தியார் எழுந்து உட்கார்ந்தார், என் முகத்தைப் பார்த்தார். இறங்கி, வண்டிக்குப் பின்னால் நடந்துகொண்டே பள்ளத்துப் பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கையால் காட்டிக்கொண்டு வந்தார். வளைவு வந்ததும் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, பாதையின் அந்த ஓரத்துக்குப் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். நான் சிலுவை முன்னால் மண்டியிட்டேன். ஜெபம் வரவில்லை. "மறந்துட்டேன்" என்று மட்டும் சொன்னேன். சிலுவையைச் சுற்றி முளைத்திருந்த புல்லைக் கொஞ்சம் பிடுங்கினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வண்டியில் ஏறும் முன் வாத்தியார் சொன்னார்: "அடுத்த தரம் வேற யாரையாவது கூட்டிட்டு வாங்க நர்ஸம்மா. நான் வந்தா உங்களுக்குச் சிரிப்பு வருது."

அடுத்த தரமும் நான் வேறு யாரையும் கூட்டிப் போகவில்லை. அதுதான் இனாங் என்னைக் குத்துகிறது. தெரியாமல் சிரித்தது ஒரு முறை. அதன் பிறகு தெரிந்தேதான் அவரைக் கூட்டிப் போனேன்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? நாங்கள் ஊருக்குள் நுழைந்தபோதே குழாயடியில் நின்ற பெண்கள் பார்த்துவிட்டார்கள். "சாமியாரா போக இருந்த மனுஷன் புள்ளத்தாச்சியா படுத்துக்கிட்டு வராராம்" என்று அன்றைக்கே ஊர் முழுக்கச் சிரிப்பு. அது சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது ஸ்தானிஸ் சித்தப்பா என்னை நிறுத்தினார். குலத்துக்குப் பெரியவர், நான் தலை குனிந்துதான் நின்றேன். "வண்டி வாங்குறது உன் இஷ்டம். அதுல யாரை உக்கார வெக்கிறதுங்கிறது எங்க இஷ்டம். உனக்காக இந்தக் குடும்பத்துல எத்தன எருமை போச்சுன்னு ஞாபகம் வெச்சுக்க" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொல்வது வழக்கம்தானே. வென்ஸுக்கு என்னைக் கேட்டு வந்தபோது நீங்கள் பார்த்துப் பார்த்து வளர்த்த எருமைகளை எங்கள் அப்பா வீட்டுக்கு ஓட்டி வந்தீர்கள். நானும் இந்த வீட்டுக்குப் பிள்ளை ஒன்றைக் கொடுத்திருந்தால் இந்தப் பேச்சே வேறாக இருந்திருக்கும். ஊரார் பிள்ளைகளையெல்லாம் கையில் ஏந்துகிறேன். உங்கள் கையில் கொடுக்க எனக்கு ஒன்று வாய்க்கவில்லை.

கார் வந்த மறுவாரமே ஓதிலியாவுக்கு வலி எடுத்தது. கொட்டுகிற மழை. ஆற்றில் தண்ணீர் ஏறி, கற்கள் தெரியவில்லை. பாலத்துக்குப் போகிற இறக்கத்தில் பாதை எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியாமல் நான் திணறியபோது, வாத்தியார் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கல் கல்லாகக் காலால் தடவிப் பார்த்துக்கொண்டே எனக்கு முன்னால் நடந்தார். அவர் கை காட்டிய இடத்தில் சக்கரத்தை வைத்தேன். பாலப் பலகை முனகியது, தாங்கியது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து கட்டிலில் படுக்க வைத்த பிறகுதான் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை, நல்ல கனம். ஓதிலியாவின் புருஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வென்ஸ் அண்ணன் இருந்திருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பாரு" என்றான்.

நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் அன்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வென்ஸ் இருந்திருந்தால் இந்தக் காரே இருந்திருக்காது இனாங். நான் ஓட்டக் கற்றிருக்க மாட்டேன். அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போயிருப்பேன், அதுவே போதும் என்று இருந்திருப்பேன். அவர் போனதால் என் கைக்கு வந்த சாவி இது. காலையில் அதை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இதை உங்களைத் தவிர யாரிடம் சொல்வேன்? உங்களிடம் சொல்லவும் எனக்கு என்ன முகம் இருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காரை நிறுத்த இறவாரத்தில் இடம் வேண்டியிருந்தது. வென்ஸின் பைக்கைப் பின்பக்கம் பன்றிக் கொட்டில் ஓரமாக நகர்த்தி வைத்திருக்கிறேன். நன்றாக மூடித்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் அங்கே வைத்திருக்கிறேன்.

வாத்தியார் இதுவரை நம் வீட்டுப் படி ஏறியதில்லை. போன ஞாயிறு பாட்டுப் பயிற்சி முடிந்ததும் கோயில் வாசலில் எல்லோர் கண் முன்னாலும் நின்று, மெதுவாகக் கேட்டார்: "பெரியவங்ககிட்ட நான் வந்து பேசலாமா, இல்ல வாயை மூடிக்கிட்டுப் பாட்டு மட்டும் சொல்லிக்குடுக்கட்டுமா?" நான் சொன்னேன்: "கலிமந்தானுக்கு ஒரு கடுதாசி போகணும். அதுக்குப் பதில் வர்ற வரைக்கும் பாட்டு சொல்லிக்குடுங்க."

ஃபாதர் வண்டிக்குத் தீர்த்தம் தெளித்து ஆசீர்வாதம் பண்ண வருகிறேன் என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். முன் சீட்டில் இப்போதைக்கு யாரையும் ஏற்றுவதில்லை. துணைக்கு வருகிறவர்களையும் பின்னாலேயே நெருக்கி உட்காரச் சொல்கிறேன். யாரை அதில் உட்கார வைக்கலாம், வைக்கக்கூடாது என்று ஸ்தானிஸ் சித்தப்பா சொல்ல வேண்டாம், நீங்கள் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேச மாட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் மாட்டேன். காரை மட்டும் விற்கச் சொல்லாதீர்கள். அது பிள்ளை பெறுகிறவர்களுக்கானது.

இந்தக் கடிதத்தைக் கப்பலுக்குப் போகிற ஆள் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே காப்பித்தூள் ஒரு பொட்டலம். உங்களுக்குப் பிடித்த மாதிரி கொஞ்சம் கருக வறுத்தது.

உங்கள் காலடியில் இருந்து ஆசியை எதிர்பார்க்கும்,
யுஸ்தினா.


செம்பனைத் தோட்டக் குடியிருப்பு,
கிழக்குக் கலிமந்தான்.
பிப்ரவரி, சாம்பல் புதனுக்கு முன்னால்.

அன்புள்ள யுஸ்தினா அக்காவுக்கு, மெல்டா எழுதுவது. நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நிறுத்தாமல்தான் படித்தேன். நான்தான் நடுவில் இரண்டு தரம் மூக்கைச் சிந்த வேண்டியிருந்தது. அம்மா எழுந்து போய், அந்தக் காப்பியைப் போட்டுக் குடித்துவிட்டு, மறுநாள்தான் என்னை எழுதக் கூப்பிட்டார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஏதாவது உறைத்தால் அது என் வாய் இல்லை.

அம்மாடி எனு யுஸ்தினா, காப்பி நல்லா இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் கருகலாம்.

ஒரு கார் வாங்கினதுக்கு இவ்வளவு நீளக் கடுதாசியா? மெல்டாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. சாம்பல் பச்சை நல்ல நிறம். சேறு பட்டா தெரியாது. அந்தச் சிவப்புக் காரை வாங்காம விட்டியே, அதுலயே உனக்குப் புத்தி இருக்குன்னு தெரியுது. டோனாத்துஸு இங்க பளபளன்னு ஒண்ணைப் பாத்து வாயைப் பொளந்துகிட்டு நிக்கிறான். அவனுக்கு உன் கடுதாசியில அந்த இடத்தை ரெண்டாந்தரம் படிச்சுக் காட்டச் சொன்னேன்.

ஸ்தானிஸு போன் போட்டான், உன் கடுதாசி வர்றதுக்கு முந்தியே. என்னென்னவோ சொன்னான். எனக்குக் காது கேக்கலைன்னு சொல்லி வெச்சுட்டேன். கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. உன் கடுதாசி வந்ததுக்கப்புறம் டோனாத்துஸைத் திருப்பிப் போன் போட்டுக் குடுக்கச் சொல்லிப் பேசினேன். "அந்த எருமைங்களுக்குப் புல்லு அறுத்தவ நான். நீ ஒரு கட்டு அறுத்தியா? அதுங்களைப் பத்திப் பேசணும்னா நான் பேசுறேன், நீ பேசாத" அப்படின்னேன். இப்ப அவனுக்குக் காது கேக்கலை.

பெரிய கல் வளைவைப் பத்தி எழுதியிருக்க. அதைப் படிச்சப்ப எனக்கு வலிச்சுது, இல்லேன்னு சொல்ல மாட்டேன். பெத்தவளாச்சே. ஆனா ஒண்ணு கேளு. கெலாஸ் அன்னிக்குப் பன்னி அறுத்து, ஊரைக் கூட்டி, செத்தவனை வழியனுப்பி வெச்சோமே, அன்னிக்கு "உன் வழி வேற, எங்க வழி வேற, போயிடுப்பா"ன்னு எல்லாரும் சொன்னோம். பெத்த நான் சொன்னேன். நீ என் பக்கத்துலதான் நின்ன. உன் உதடு அசையல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சின்னப் பொண்ணு, போகப்போகச் சொல்லுவான்னு விட்டுட்டேன். நீ அவனை இன்னும் வாசல்லயே நிறுத்தி வெச்சிருக்க. அவனுக்கும் கால் வலிக்காதா?

வென்ஸு நல்லவன். கை நீட்டினதில்ல, கள்ளு குடிச்சுட்டுத் தெருவுல விழுந்ததில்ல. ஆனா சிரிக்க வைக்கத் தெரியாது. அவங்கப்பாவுக்கும் தெரியாது. அந்த வீட்டுல நானும் உன்ன மாதிரிதான் வாயை மூடிக்கிட்டு வாழ்ந்தேன், நல்லாத்தான் வாழ்ந்தேன். போர்வையைச் சுருட்டி வயித்துல வெச்சுக்கிட்ட இடம் படிக்கையில எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. மெல்டா பாத்துட்டா. மறைக்க முடியல.

அந்த வாத்தியார் தனியா போய்ப் பேச வேணாம். மொறையா, பேசத் தெரிஞ்ச ஒரு ஆளை முன்னால வெச்சுக்கிட்டு, ஒரு சேவலும் ஒரு குடம் கள்ளும் எடுத்துக்கிட்டு நம்ம குல வீட்டுக்குப் போகட்டும். சேவல் வெள்ளையா இருக்கட்டும். ஸ்தானிஸு மூஞ்சியைத் திருப்புவான். ஒரு கோப்பை உள்ள போனதும் திரும்பிடுவான். என் சார்பா டோனாத்துஸு போன்ல இருப்பான். ஃபாதரையும் காக்க வைக்காத. வண்டியில போறவங்க வலியோட போறவங்க, தீர்த்தம் பட்ட வண்டியிலயே போகட்டும்.

பைக்கைக் கொட்டில்ல போட்டு வெக்காத. துருப்பிடிக்கும். ரொவினா புருஷனுக்குக் குடுத்துடு, அவன் சந்தைக்கு நடந்தே போறான். கார்ல முன் சீட்டுன்னா உக்காரத்தான். வெறுமனே வெச்சுக்கிட்டு ஓட்டாத.

இனி சொல்றதை மெல்டா அழகுபடுத்தாம எழுதணும்னு சொல்லியிருக்கேன்.

நீ வேற வீட்டுக்குப் போறப்ப அந்த வீட்டுல உனக்கு ஒரு மாமியார் இருப்பா. பஜாவாவுல அவனுக்கு அம்மா இருக்காளோ என்னமோ, நீ எழுதல. இருந்தா அவளை நல்லாப் பாத்துக்க. அவ என்ன சொல்லிக் கூப்பிடச் சொல்றாளோ அப்படிக் கூப்பிடு. அது மொறை. நான் குறுக்க நிக்க மாட்டேன். இங்க மெல்டா அவ ஊர் வழக்கப்படி என்னை அம்மாங்கிறா, நல்ல பொண்ணு, எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா இனாங்னு கூப்பிட இந்த உலகத்துல நீ ஒருத்திதான் இருந்த. வென்ஸு போனப்புறம் ரெண்டு பேரும் அந்த வீட்டுல தனியா இருந்தோமே, அப்ப நீ காலையில எழுந்ததும் அடுப்பாண்ட இருந்து "இனாங், தண்ணி கொதிச்சிடுச்சு"ன்னு ஒரு குரல் குடுப்ப. எனக்கு இந்தக் காது போனாலும் அது கேக்குது.

நான் உனக்கு இனிமே யாருன்னு எனக்குத் தெரியல. பெரியவங்களைக் கேட்டா, யாரும் இல்லம்பாங்க. நீ பதில் எழுதறப்ப கடுதாசியை என்னன்னு ஆரம்பிப்பியோ, அதை வெச்சுத்தான் தெரிஞ்சுக்கணும். மகராசியா இரு. பள்ளம் பாத்து ஓட்டு.

யுஸ்தினா அக்கா, இது மெல்டா. கடைசியில் 'இப்படிக்கு' போட்டுவிட்டு என்ன எழுதட்டும் என்று அம்மாவைக் கேட்டேன். அவ பதில் வந்ததும் எழுதிக்கலாம், இப்ப இடம் விட்டு வை என்கிறார்கள். சீக்கிரம் எழுதுங்கள் அக்கா. கப்பல் ஆள் வருகிற நாளை இப்போதே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்படிக்கு,